ஏரியில் ஊறிய மூன்று போல்ட்டு

பழவேற்காடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை அஜித்குமார் அவர்களுக்கு,

அத்தை ஜமுனா எழுதுவது. இங்கே ஏரியில் தண்ணீருக்கும், வீட்டில் சோற்றுக்கும், உங்கள் சம்சாரத்தின் வாய்க்கும் ஒரு குறையும் இல்லை. அங்கே மஸ்கட்டில் உங்கள் உடம்புக்கும் வேலைக்கும் குறை வராமல் பார்த்துக்கொள்ளும்படி எல்லையம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் நான் சொன்னால் கேட்பாள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நான் ஏழு நிமிஷம் மூச்சு வாங்கப் பேசி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால், நீங்கள் அரை நிமிஷத்தில் ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்புகிறீர்கள். ஏழு நிமிஷப் பேச்சை அரை நிமிஷத்தில் எப்படிக் கேட்டார் என்று வைஷ்ணவியிடம் கேட்டால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். கடிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது. ஆகவே லீவு முடிந்து அங்கே திரும்புகிற நம் தெரு சாலமனிடம் கொடுத்து அனுப்புகிறேன். இறால் கருவாட்டுப் பொட்டலத்துக்குள் வைத்திருப்பதால் வாசனை இருக்கும். முதலில் கடிதத்தைப் படியுங்கள், அப்புறம் கருவாட்டை வறுங்கள்.

விஷயம் கார்தான். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று காரின் படத்தை அனுப்பி, "எது நம்பி வாங்கலாம்னு நீங்களே விசாரிச்சு சொல்லுங்க அத்தை, ஆனா எனக்கு சிவப்பு பிடிச்சிருக்கு" என்று சொல்லியிருந்தீர்கள். விசாரித்துவிட்டேன். நீலம். அதற்குள் சிவப்புக்குப் பதிவு செய்துவிட்டீர்கள் என்று வைஷ்ணவி சொன்னாள், அதை உடனே ரத்து செய்யுங்கள். சுருக்கமாகச் சொல்வதென்றால் கடிதம் இதோடு முடிந்தது. ஆனால் நீங்கள் படித்தவர், காரணம் கேட்பீர்கள். கம்பெனிப் பெயர் எதையும் எழுதவில்லை. கருவாட்டோடு போகிற கடிதம் வழியில் யார் கையில் மாட்டுமோ, நமக்கு எதற்கு ஊர் வம்பு. நிறத்தைச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் காரை நான் ஷோக்குக்காகத் தேடவில்லை. போன மாதம் செக்கப்புக்குப் பொன்னேரிக்கு வைஷ்ணவியை அழைத்துப் போன ஆட்டோ பாதி வழியில் நின்றுபோனது. இந்தப் பக்கம் உப்பளம், அந்தப் பக்கம் முள்ளுக்காடு, நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்தவள் அழவில்லை, கத்தவில்லை. "யம்மா, வலி எடுக்கிற அன்னிக்கு இதே மாதிரி நின்னுட்டா நான் இன்னாம்மா பண்ணுவேன்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதிலிருந்து ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை. உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றாள், சொல்லிவிட்டேன். நாள் நெருங்குகிறது. நமக்கு வேண்டியது அழகான வண்டி இல்லை மாப்பிள்ளை, வழியில் நிற்காத வண்டி. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் இறங்கினேன்.

நீங்கள் அனுப்பிய வீடியோவை முதலில் பார்த்தேன். சட்டைக் காலரில் மைக்கைச் செருகிக்கொண்டு ஒரு தம்பி சிவப்புக் காரைச் சுற்றிச் சுற்றி வருகிறான். கதவைத் திறந்து மூடிக்காட்டி "சவுண்டைக் கேட்டீங்களா" என்கிறான். கூரை திறக்குமாம். கூரை திறந்துகொள்ளாமல் இருக்கத்தானே நாம் ஒவ்வொரு புயலுக்கும் கயிறு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், அதற்குக் காசு கொடுத்து வேறு வாங்க வேண்டுமா? சரி, பெரிய படிப்புப் படித்த பிள்ளையாக இருக்கும் என்று அவன் போட்ட மற்ற வீடியோக்களையும் பார்த்தேன். வெள்ளைக்கும் அதே புகழ், நீலத்துக்கும் அதே புகழ், ஒரு கறுப்புக் காருக்கு அதைவிடப் புகழ். மாப்பிள்ளை, நான் இருபது வருஷமாக நண்டு விற்கிறவள். என் கூடையில் இருக்கிற எல்லா நண்டையும் நல்ல நண்டு என்று சொல்கிறபோது என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் முகமும் அப்படியேதான் இருந்தது. இருந்தாலும் வைஷ்ணவியை விட்டு ஒரு கேள்வி எழுதச் சொன்னேன்: "தம்பி, இந்த வண்டி உப்புக் காத்து தாங்குமா?" அதற்கு அவன் ஒரு சிவப்பு இதயம் போட்டு, "சூப்பர் கேள்வி அம்மா, சப்ஸ்கிரைப் பண்ணிட்டீங்களா?" என்று எழுதியிருந்தான். எங்கள் வியாபாரத்தில் தண்ணி நண்டு என்று ஒன்று உண்டு. தோல் உரித்துப் புது ஓடு போட்ட நண்டு; பளபளவென்று கல்யாணப் பெண் மாதிரி இருக்கும், உடைத்தால் உள்ளே சதை இருக்காது, தண்ணீர்தான் வழியும். புதுசாக வருகிறவன் அதைத்தான் முதலில் எடுப்பான். நான் கூடையில் கைவிட்டு வயிற்றோரம் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துத் தூக்கிப் போட்டுவிடுவேன். அந்த வீடியோவை அழுத்திப் பார்த்தேன், தண்ணீர்.

சரி, விற்கிறவனை விட்டுவிட்டு வாங்கினவனைக் கேட்போம் என்று கிளம்பினேன். வெள்ளைக் கார் வைத்திருக்கிறவன் நமக்குத் தெரிந்து பஜார் தேசப்பன், ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறானே, அவன்தான். அவனைத் தேடிக்கொண்டு போகவே வேண்டியிருக்கவில்லை. மார்க்கெட்டுக்குப் போகிற ரோட்டில் காரின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"இன்னா தேசப்பா, உன் வண்டி எப்படி? நம்பி வாங்கலாமா?" என்றேன்.

"வண்டின்னா இதாங்க்கா வண்டி. கண்ண மூடிக்கினு வாங்கு."

"அப்புறம் இன்னாத்துக்கு நடுரோட்டுல நிக்கிற?"

"நிக்கலக்கா. ரெஸ்ட்டு குடுத்திருக்கேன்."

"எவ்ளோ நேரமா ரெஸ்ட்டு?"

"காலையிலேருந்துக்கா. பேசிக்கினே அந்தப் பக்கம் ஒரு கை வெச்சி தள்ளேன்."

தள்ளினேன். இளநீர் விற்கிறவன் வந்தான், பள்ளிவாசல் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், நான்கு பேரும் மூச்சு முட்டத் தள்ளுகிறோம். தேசப்பன் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டி, "பிக்கப்பு பாத்தியாக்கா?" என்கிறான். நான் அப்போதே புரிந்துகொண்டேன். காரை வாங்கினவன் குறை சொல்லமாட்டான். குறை சொன்னால் ஏமாந்தவன் அவன் என்று ஆகிவிடும் அல்லவா? தன் காரைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் தன் மகனைப் பற்றிக் கேட்ட மாதிரிதான் பேசுகிறார்கள்.

விற்கிறவனும் வேண்டாம், வாங்கினவனும் வேண்டாம், ரிப்பேர் செய்கிறவனைக் கேட்போம் என்று பொன்னேரி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் முரளியிடம் போனேன். காருக்கு அடியில் படுத்திருந்தான். கால் மட்டும்தான் தெரிந்தது. காலிடமே கேட்டேன்.

"முரளி, எந்த வண்டிப்பா உங்கிட்ட ரிப்பேருக்கு வராத வண்டி?"

"நீலம்க்கா" என்றது கால். "அந்தக் கம்பெனி வண்டி இதுவரைக்கும் ஒண்ணுகூட வந்ததில்ல."

எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. "அவ்ளோ நல்ல வண்டியா?"

"யாருக்குத் தெரியும்? நம்ம பக்கம் ஒருத்தன்கிட்டயும் அந்த வண்டி இல்லியே."

இப்படித்தான் மாப்பிள்ளை, ஒவ்வொருவனும் உண்மையைத்தான் சொல்கிறான், ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு வெங்காயம்கூட உரிக்க முடியாது. ஆனால் முரளி ஒரு நல்ல காரியம் செய்தான். வெளியே ஊர்ந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, இன்ஜினப் பத்தி பேஜார் ஆவாத. இப்பல்லாம் எல்லா இன்ஜினும் ஒழுங்காத்தான் ஓடுது. உங்க ஊருல வண்டிய சாவடிக்கிறது உப்புதான். அடியில சக்கரத்தப் புடிச்சிக்கினு இருக்கிற போல்ட்டு துரு புடிச்சிச்சின்னா முடிஞ்சிச்சி கதை" என்றான். மெட்ராஸில் உட்கார்ந்து வீடியோ போடுகிற எவனாவது இதைச் சொன்னானா? கூரை திறக்குமா என்று பார்க்கிறான், அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கமாட்டான்.

அங்கேதான் எனக்கு யோசனை வந்தது. நண்டை அழுத்திப் பார்த்து வாங்குகிறவள் காரையும் அழுத்திப் பார்க்க வேண்டாமா? மூன்று கம்பெனியின் அடிப் போல்ட்டிலும் புதுசாக ஒவ்வொன்று வாங்கி வரச் சொன்னேன். "கார் இல்லாம போல்ட்டு மட்டும் இன்னாத்துக்குக்கா?" என்று தலையைச் சொறிந்தான். "ருசி பாக்க" என்றேன்.

நண்டுக்குக் கால் கட்டுகிற நைலான் கயிற்றில் சிவப்புக் கார் போல்ட்டுக்குச் சிவப்புக் கயிறு, வெள்ளைக்கு வெள்ளை, நீலத்துக்கு நீலம் என்று கட்டி, உங்கள் மாமாவிடம் கொடுத்து, முகத்துவாரத்துப் பக்கம் உப்பு கரிக்கிற தண்ணீரில் ஒரு கழியை நட்டு, அதில் தொங்கவிட்டு வரச் சொன்னேன். கார் ஐந்து வருஷத்தில் குடிக்கிற உப்பை இது ஒரு மாதத்தில் குடித்துவிடும். எந்தக் கம்பெனிக்காரனாவது இப்படி ஒரு பரீட்சை வைத்திருப்பானா, சொல்லுங்கள். உங்கள் மாமா "கடையில கேட்டா சொல்லிட மாட்டானா?" என்றார். அவருக்கு எப்போதும் கடைக்காரன் மேல் ஒரு நம்பிக்கை.

பிரச்சினை பூவரசன் ரூபத்தில் வந்தது. நீங்கள் மீஞ்சூர்க்காரர், எந்த ரயில் எத்தனை மணிக்கு என்று தெரியும், பாடு என்றால் தெரியாது. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைத்துப் பிரித்துக் கொடுத்திருக்கிறது, அதுதான் பாடு. என் முறையில் நீ கால் வைக்கக் கூடாது, உன் முறையில் நான் வைக்கமாட்டேன். உங்கள் மாமா கழியை நட்ட இடம் பூவரசனின் பாடு. மறுநாளே வாசலில் வந்து நின்றான்.

"இன்னா ஜமுனாக்கா, என் பாட்டுல காரு கட்டி வெச்சிக்கிறியாமே?"

"காரு இல்லடா, போல்ட்டு."

"இன்னிக்கு போல்ட்டு, நாளைக்கு டயரு, நாளான்னிக்கு காரே வந்து நிக்கும். அப்பால நான் எங்க வலை உடுறது, உன் வூட்டு கொல்லையிலயா?"

"ஒரு முழம் கயிறுடா. உன் வலைய இன்னாடா பண்ணப் போகுது?"

"என் பாட்டுல ஊறுனா அது என் சரக்கு. நான் எடுத்துக்குவேன்."

விவகாரம் ஊர்க் கூட்டத்துக்குப் போய்விட்டது. வலைத் தகராறு, எல்லைத் தகராறு எல்லாம் பார்த்த பெரியவர்கள், போல்ட்டுத் தகராறு பார்த்ததில்லை. பாதிப் பொழுது பேசினார்கள். போல்ட்டு மீனும் இல்லை, இறாலும் இல்லை, அது தண்ணீருக்குள் நீந்தி வரவும் இல்லை, ஆகவே பூவரசனின் சரக்கு ஆகாது. ஆனால் அவன் பாட்டில் இருக்கிறவரை அதற்கு ஒரு கெடுதலும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அவன் பொறுப்பு என்று தீர்ப்பு. பூவரசன் அழாத குறை. அதற்குள் ஊரே இரண்டு பட்டுவிட்டது. இளவட்டம் எல்லாம் சிவப்பு, தேசப்பன் ஐஸ் வாங்குகிறவர்கள் எல்லாம் வெள்ளை, பக்கத்து வீட்டு நாகம்மாள் மட்டும் நீலம், கேட்டால் அவள் பேரன் சட்டை நீலமாம். கடலுக்குப் போய்த் திரும்புகிற படகெல்லாம் அந்தக் கழிக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, "எந்தக் காரு கெலிக்குது?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. நம்பினால் நம்புங்கள், பெரியவர் ஒருவர், "நீ எத வாங்குறியோ அதத்தான் என் புள்ளையும் வாங்குவான்" என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். ஊர் என் வாக்கை அவ்வளவு நம்புகிறது.

நேற்று எடுத்தோம். கரையில் திருவிழாக் கூட்டம். உங்கள் மாமா படகிலிருந்து கயிற்றை ஒவ்வொன்றாகத் தூக்கினார். சிவப்பு, சொல்லவே வேண்டாம், ஊறிய புளி மாதிரி. தொட்டால் விரலோடு பாதி போல்ட்டு வந்துவிட்டது. வெள்ளை சொறி பிடித்த நாய் போலப் பொருக்குப் பொருக்காக. அப்புறம் நீலம். மாப்பிள்ளை, என்ன சொல்ல, மூக்குத்தி! வெயிலில் கண் கூசியது. ஒரு புள்ளித் துரு கிடையாது. நாகம்மாள் குலவையே போட்டுவிட்டாள். வைஷ்ணவி அதை வாங்கிப் பார்த்து, "நைனா, இது கொஞ்சம் பெருசா தெரிலியா?" என்றாள். "தண்ணில ஊறினா எதுதான் பெருக்காது?" என்றார் உங்கள் மாமா. எனக்கு அப்போது அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. பூவரசனைப் பார்த்து, "பாத்தியாடா, உன் பாட்டுல இன்னா விளைஞ்சிருக்குன்னு" என்றேன். அவன் உங்கள் மாமாவைப் பார்த்தான். தோற்றவன் ஜெயித்தவள் முகத்தைப் பார்க்கமாட்டான்.

சாயங்காலமே போல்ட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நீலக் கம்பெனிக் கடைக்குப் போனேன். டை கட்டிய தம்பி அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "மேடம், இது எங்க வண்டி போல்ட்டா?" என்றான். ஆமாம் என்றேன். "எங்க வண்டில இவ்ளோ நல்ல போல்ட்டா போடுறாங்க?" என்று போட்டோ எடுத்துக்கொண்டான். தன் சரக்கைப் பார்த்துத் தானே ஆச்சரியப்படுகிற வியாபாரியை நான் இதுவரை பார்த்ததில்லை. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

ஆகவே மாப்பிள்ளை, யோசிக்க ஒன்றும் இல்லை. நீலத்துக்குச் சம்மதம் என்று எழுதிவிடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த ஏரிக்கரையில் காரைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர்கள் இன்றைய தேதிக்கு யாரும் இல்லை. வைஷ்ணவியும் நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் வேலை செய்யாதீர்கள். உங்கள் கையும் காலும் கண்ணும், பிறக்கப்போகிற பிள்ளையின் ஆயுசும், நீங்கள் வேலைக்கு ஏறுகிற கப்பலும் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். உங்கள் மாமா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். மீஞ்சூரில் சம்பந்தி அம்மாவுக்கு இரண்டு பெரிய நண்டு அனுப்பியிருக்கிறேன், அழுத்திப் பார்த்துத்தான் அனுப்பினேன்.

இப்படிக்கு,
உங்கள் நன்மையை விரும்பும் அத்தை,
அ. ஜமுனா.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிக் கருவாட்டுக்குள் வைத்த பிறகு மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று. இன்று காலை ஏரிக்குப் போன உங்கள் மாமாவின் படகு நடுத் தண்ணீரில் நின்றுவிட்டது. இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து, குடித்தவன் போல ஆடியதாம். பூவரசன்தான் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்தான். குனிந்து பார்த்தால், இன்ஜினைப் படகோடு பிடித்திருக்கிற போல்ட்டில் ஒன்று இல்லை. "போல்ட்டு எங்க?" என்று கேட்டேன். உங்கள் மாமா வானத்தைப் பார்த்தார். பூவரசன் தண்ணீரைப் பார்த்தான். அப்புறம் பூவரசன்தான் வாயைத் திறந்தான். "அக்கா, போன வாரமே என் வலை மாட்டி நீலக் கயிறு அறுந்து போல்ட்டு சேத்துக்குள்ள பூடுச்சி. கூட்டத்துல என் பொறுப்புன்னு சொல்லிட்டாங்க. உன் வாய்க்கு பயந்து மாமாகிட்ட சொன்னேன். மாமா உன் வாய்க்கு பயந்து அவரு இன்ஜின் போல்ட்டக் கயட்டி கட்டிட்டாரு." உங்கள் மாமாவைக் கேட்டேன். "ஒரு வாரந்தானே, தாங்கும்னு நினைச்சேன்" என்றார். இருபத்தாறு வருஷம் குடித்தனம் செய்து அவர் கண்டது இதுதான்.

வைஷ்ணவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யம்மா, எனக்கு நிக்காத வண்டி வேணாம்மா. ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு ரூம்பு புடிச்சிக் குடு, போதும்" என்றாள். மாப்பிள்ளை, நீங்கள் படித்தவர், நான் வியாபாரி, ஊர் முழுக்கப் பெரியவர்கள், ஒருவருக்கும் இது தோன்றவில்லை. மத்தியானமே பொன்னேரிக்குப் போய் ஆஸ்பத்திரிக்கு எதிர் சந்தில் ஒரு ரூம் பிடித்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரி கேட் தெரிகிறது, வாட்ச்மேனும் தெரிகிறார். நாளை முதல் நானும் அவளும் அங்கேதான். நண்டு வியாபாரத்தை உங்கள் மாமா பார்த்துக்கொள்வார், அதுதான் அவருக்குத் தண்டனை. வலி எடுத்தால் நடந்தே போய்விடுவோம்.

ஆகவே சிவப்பு வேண்டாம், வெள்ளை வேண்டாம், நீலமும் வேண்டாம். மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம். ஆனால் உங்கள் மாமாவின் படகு இன்ஜின் செய்கிற கம்பெனி எது என்று விசாரித்து, தனித் தாளில் எழுதிப் பொட்டலத்தின் அடியில் வைத்திருக்கிறேன். அவன் கார் செய்கிறானா என்று மஸ்கட்டில் கேட்டு உடனே தகவல் சொல்லவும்.